பென்சில் வட்டம்

முப்பிடாதி இறந்து, பதினாறாம் நாள் காரியமும் முடிந்து, உறவுக்காரர்கள் அவரவர் ஊருக்குப் பஸ் ஏறிப் போன பிறகு வந்த முதல் செவ்வாய்க்கிழமை காலையில், அவள் தன் மஞ்சள் பையில் ஃபைலைச் சுருட்டி வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியின் ஒன்பதாம் பகுதிக்கு வந்து, வராந்தாவில் கிடந்த நீள பெஞ்சில் ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். அன்றுதான் அவளை வரச் சொல்லியிருந்த தேதி. வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது; அவள் சேலை நனைந்திருக்கவில்லை. டோக்கன் எழுதிக்கொண்டிருந்த சிஸ்டர் ஞானசெல்வம் நிமிர்ந்து பார்த்து, பெயரைக் கேட்காமலே எழுதிக்கொண்டு, எடை மிஷினில் ஏறச் சொன்னாள். முப்பத்தொரு கிலோ. போன தடவையும் முப்பத்தொன்றுதான்.

“குறையல பாத்தீங்களா சிஸ்டர்,” என்றாள் முப்பிடாதி.

“குறையலக்கா,” என்ற ஞானசெல்வம் உள்ளே போய், “பீடி சுத்துற முப்பிடாதி வந்திருக்காங்க மேடம், பதினாலாம் நம்பர்,” என்றாள். டாக்டர் ஆவுடையம்மாள் கையில் இருந்த எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தபடியே, “பதிமூணு முடியட்டும்,” என்றாள்.

மலையடிவாரத்து அந்த ஊரில் நோயின் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. ஆஸ்பத்திரி கட்டிய அறக்கட்டளைக்காரர்கள் முதலில் பெரிய எழுத்தில் போர்டு வைத்தார்கள். நோயாளிகள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தார்கள், சிலர் போர்டைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டார்கள். போர்டைக் கழற்றியபின் அந்தக் கட்டடத்துக்கு ஒன்பதாம் பகுதி என்ற பெயர் மட்டும் நின்றது. அங்கே இருபத்திரண்டு வருஷமாக டாக்டராக இருந்த ஆவுடையம்மாளுக்கு ஒரு வாக்கியம் மனப்பாடம். நோயாளியை எடை பார்க்க அனுப்பிவிட்டு வீட்டுக்காரர்கள் உள்ளே வருவார்கள், கடைசியாக வருகிறவர் கதவைச் சாத்துவார், பிறகு யாராவது ஒருவர் அதைச் சொல்வார். “அவருகிட்ட மட்டும் சொல்லிராதீங்க டாக்டரம்மா. தெரிஞ்சா தாங்கமாட்டாரு.”

ஆவுடையம்மாள் அவர்களை உட்காரச் சொல்வாள், தண்ணீர் கொடுப்பாள், வெளியே அறுபது பேர் காத்திருந்தாலும் இருபது நிமிஷம் அவர்களுக்கென்று ஒதுக்குவாள். அவர் உடம்பு, அவருக்குத் தெரியணும் என்பாள். நான் ஒரே நாளில் போட்டு உடைக்க மாட்டேன், கொஞ்சங் கொஞ்சமாகச் சொல்கிறேன், நீங்கள் ஒரு பக்கம் இருங்கள், நான் ஒரு பக்கம் இருக்கிறேன், அவருக்கு யாரிடமாவது ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும் இல்லையா என்பாள். பத்துக் குடும்பத்தில் இரண்டு ஒத்துக்கொள்ளும். மீதி எட்டுக்கு அவள் ஃபைலின் மேல்மூலையில், பெயருக்குப் பக்கத்தில், பென்சிலால் சின்னதாக ஒரு வட்டம் போடுவாள். வட்டம் இருந்தால் சொல்லக் கூடாது என்று நர்சுகளுக்கும் லேப்காரர்களுக்கும் கரண்ட் வைக்கிற கதிர்வீச்சு அறையில் இருப்பவர்களுக்கும் தெரியும். வட்டம் போட்டவர்களின் வயிறு அல்சராகும், நுரையீரல் பழைய சளியாகும், கர்ப்பப்பை சதை வளர்ச்சியாகும், தலைமுடி மருந்துச் சூட்டால் கொட்டும். என்றைக்காவது அழிக்கலாம் என்றுதான் பென்சிலால் போட்டாள். மேஜையில் ரப்பரும் இருந்தது. அது அதிகம் தேயவில்லை.

அவள் போடுகிற வட்டம் வட்டமாக இருக்காது. அவசரத்தில் முட்டை மாதிரி ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும்.

முப்பிடாதி உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஆவுடையம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். விரலுக்கு அடியில் ஒன்றும் துடிக்கவில்லை. இருந்தாலும் வழக்கமாக எவ்வளவு நேரம் பிடிப்பாளோ அவ்வளவு நேரம் பிடித்திருந்தாள்.

“வலி எப்படி இருக்கு?”

“சுத்தமா இல்ல டாக்டரம்மா. நீங்க கடைசியாக் குடுத்த மாத்திரை நல்லாக் கேக்குது. பசிதான் இல்ல. அல்சர்னா அப்படித்தானே.”

“அப்படித்தான்,” என்றாள் ஆவுடையம்மாள். ஃபைலின் மூலையில் வட்டம் இருந்தது. முப்பிடாதியின் மகள் போட வைத்த வட்டம். அவள் அதே மாத்திரைகளை எழுதி, கீழே அடுத்த செவ்வாய்க்கிழமையின் தேதியைப் போட்டாள்.

அடுத்த செவ்வாயில் மூன்று பேர் வந்தார்கள், அதற்கடுத்த செவ்வாயில் ஏழு பேர். முதலில் அந்த ஆனி மாதம் இறந்தவர்கள், பிறகு வைகாசியில் இறந்தவர்கள், பிறகு சித்திரையில், பங்குனியில் என்று நாள்காட்டியைக் கடைசித் தாளிலிருந்து புரட்டுவதுபோல ஒவ்வொரு மாதமாகப் பின்னோக்கி, தாங்கள் இறந்துபோனது தெரியாமல், கடைசியாகக் கொடுத்த ஃபைலோடு வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். வந்தவர்கள் ஃபைலில் எல்லாம் வட்டம் இருந்தது. வட்டம் போடாதவர்கள், முகத்துக்கு நேரே சொல்லப்பட்டவர்கள், ஒருவர்கூட வரவில்லை. தனக்கு நோய் வந்ததே தெரியாதவனுக்கு அது முடிந்தது மட்டும் எப்படித் தெரியும் என்று கேன்டீன் மாஸ்டர் சொன்னது எல்லோருக்கும் சரியாகவே பட்டது. சூப்பரிண்டென்ட், கொடுத்த தேதியில் வருபவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். பழைய குழந்தைகள் வார்டிலிருந்து இரண்டு பெஞ்சு கொண்டுவந்து போட்டார்கள். சேரன்குளம் ரூட் கண்டக்டர் அவர்களிடம் டிக்கெட் கேட்பதை விட்டுவிட்டார்.

ஊருக்குள் செய்தி பரவியபோது யாரும் பயப்படவில்லை, குடும்பத்துக்காரர்கள் அழுதுகொண்டே ஓடி வந்தார்கள், வந்தவர்கள் வராந்தாத் திருப்பத்தில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். அழுத முகத்தோடு போனால் தெரிந்துவிடும். புருஷனை இழந்தவர்கள் செவ்வாய்க்கிழமை விடிந்ததும் தலை குளித்து, பொட்டு வைத்து, பூ வைத்து, கழுத்தில் வெறும் மஞ்சள் கயிற்றைக் கட்டிச் சேலைக்குள் விட்டுக்கொண்டு, தூக்குவாளியில் இட்லியோடு காலை பஸ்ஸில் வந்தார்கள். வந்து பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, நின்றுபோன கல்யாணம் நடக்கப்போவதாகவும் விற்றுவிட்ட மாடு கன்று போட்டதாகவும் சொன்னார்கள். மத்தியானம் கேட்டுக்கு வெளியே இருந்த குழாயடியில் பொட்டை அழித்துப் பூவைக் கழற்றிவிட்டு ஊருக்குத் திரும்பினார்கள். குழாயடியில் பூ குவிந்து கிடக்கும். எதிரே டீக்கடையில், “மணி எட்டாச்சே, சுமங்கலி வண்டி இன்னும் வரலியா வே?” என்று கேட்பார்கள். கேட்டவர்கள் வீட்டிலும் யாராவது ஒருத்தி அந்த வண்டியில் இருந்தாள்.

இதனால் ஆவுடையம்மாளுக்கு ஒரு கஷ்டம் வந்தது. முன்பு பத்தில் எட்டுக் குடும்பம் வட்டம் கேட்டது. இப்போது பத்துமே கேட்டது. முன்பு நோயாளி பயந்துவிடக் கூடாதென்று கேட்டார்கள், இப்போது திரும்பி வரவேண்டும் என்று கேட்டார்கள். “பென்சிலா டாக்டரம்மா? அழிஞ்சிராதா? பேனாவால போட்டுருங்களேன்,” என்றான் ஒருவன், மனைவியை வெளியே உட்காரவைத்துவிட்டு. உண்மை சொல்லப்பட்டவர்களில் ஒருத்தி, முந்தின வருஷம் ஆவுடையம்மாளே பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன ஒரு சத்துணவு டீச்சர், இரண்டு பக்கமும் இறந்தவர்களுக்கு நடுவில் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்திருந்துவிட்டு உள்ளே வந்து, “எனக்குச் சொல்லிட்டீங்களே டாக்டர், அப்ப நான் திரும்பி வர முடியாதா?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. பஸ் போய்விட்டதா என்று கேட்பதுபோலக் கேட்டாள்.

ஆவுடையம்மாள் பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கணவர் நெல்லையப்பன், மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார், போன கார்த்திகையில் இதே ஒன்பதாம் பகுதியில் இறந்தார். கணையத்தில் வந்திருந்தது. நான்கு மாதம். ஊரில் அத்தனை பேரையும் உட்காரவைத்து இருபது நிமிஷம் பேசியவள், ரிப்போர்ட் வந்த அன்றைக்குத் தன் அறைக்கதவைத் தானே சாத்திக்கொண்டு, அவர் ஃபைலின் மூலையில் பென்சிலால் வட்டம் போட்டாள். வீட்டுக்கு வந்ததும் அவர், “கல்லுதானே?” என்றார். “கல்லுதாங்க. பித்தப்பையில,” என்றாள். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி வேறு எதுவும் கேட்டதில்லை. பார்க்க வந்தவர்களிடம், “வயித்துக்குள்ள குவாரி நடத்துதேன், லைசென்ஸ்தான் இல்ல,” என்று சிரிப்பார். கடைசி வாரத்தில் ஒருநாள், “கல்லு கரைஞ்சிருச்சா?” என்று கேட்டார். “கரைஞ்சிருச்சு,” என்றாள். “சரி,” என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த ‘சரி’யைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. முறை பின்னோக்கி நகர்கிறது என்று தெரிந்ததிலிருந்து, கார்த்திகை வரும், அவர் வருவார், அப்போது சொல்லிவிடலாம் என்று அவள் ஒவ்வொரு செவ்வாயாக எண்ணிக்கொண்டிருந்தாள். ஏங்க, அது கல்லு இல்ல, நான்தான் சொல்லல, என்று குளிக்கும்போதும் சமைக்கும்போதும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். எட்டு மாதமாக வைக்காத குங்குமத்தைச் செவ்வாய்க்கிழமைகளில் வைத்துக்கொண்டு வந்தாள். ஞானசெல்வம் அதைப் பார்த்துவிட்டு டோக்கன் எழுதப் போனாள்.

ஆவணியில் தை மாதத்து ஆட்கள் வந்தபோது, அவர்களில் சண்முகையா என்ற ரிட்டயரான பஸ் டிரைவர் இருந்தார். தன்னால் உண்மையைச் சொல்ல முடியுமா என்று பார்க்க ஆவுடையம்மாள் அவரிடம் சொன்னாள். வேறு எந்தக் காரணமும் இல்லை. பிறகு எத்தனையோ காரணம் அவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள், ஆனால் அது ஒத்திகைதான். நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப்போட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, என்ன நோய் என்று சொல்லி, பிறகு அது முடிந்ததையும் சொன்னாள்.

சண்முகையா தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். “எத்தனை மணிக்கு?”

“காலையில ஆறு பத்து.”

“முத வண்டி எடுக்கிற நேரம்,” என்றார். பிறகு, “வீட்டுல பேச்சிக்குத் தெரியுமா?” என்றார். தெரியும் என்றாள். அவர் ஃபைலை மேஜைமேலேயே விட்டுவிட்டு எழுந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, வராந்தாவைத் தாண்டிச் சாரலுக்குள் இறங்கினார். வேப்பமரம் வரைக்கும் சட்டை தெரிந்தது.

அடுத்த செவ்வாயில் அவர் மனைவி பேச்சியம்மா பூவும் பொட்டுமாக, தூக்குவாளியோடு வந்து, பெஞ்சு பெஞ்சாகப் பார்த்துவிட்டு டோக்கன் வாங்காமல் உள்ளே வந்தாள்.

“யாரைக் கேட்டுச் சொன்னீங்க?”

“அவருக்குத் தெரியணும்னு நினைச்சேம்மா.”

“தெரிஞ்சு என்ன செஞ்சாரு? போயிட்டாரு. முதத் தடவை போனப்ப ஊரே வந்து அழுதுச்சு. இப்ப நான் யாருகிட்டப் போய்ச் சொல்ல? எந்தப் பந்தல்ல உக்காந்து அழ?” அவள் தலையிலிருந்து பூவைக் கழற்றி ஃபைல்களின்மேல் வைத்தாள். ஞானசெல்வத்திடம், “பஞ்சு குடுங்க சிஸ்டர்,” என்று கேட்டு வாங்கி, ஸ்பிரிட்டில் நனைத்து, பொட்டைத் துடைத்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் போனாள். இட்லியை மறந்துவிட்டுப் போனாள். அது சாயங்காலம் வரை மேஜைக்கடியில் இருந்தது.

அதற்குப் பிறகு ஆவுடையம்மாள் யாரிடமும் சொல்லவில்லை. குடும்பங்கள் களைத்துப்போயின. வாரம் ஒருமுறை சந்தோஷமாக இருந்து காட்டுவது எளிதில்லை. வாரம் என்பது மாதமாயிற்று, மாதம் என்பது பொங்கலுக்குப் பிறகு பார்க்கலாம் என்றாயிற்று, பூக்காரி கேட்டிலிருந்து கடையைத் தேர்வீதிக்கு மாற்றிக்கொண்டாள், சுமங்கலி வண்டி மற்ற வண்டிகளைப் போல ஆயிற்று. பெஞ்சில் இருந்தவர்கள் மட்டும் கூடிக்கொண்டே போனார்கள். “வீட்டுல இருந்து யாரும் வரலியே டாக்டரம்மா, ஏதும் கோவமா?” என்று கேட்டார்கள். உங்க மகள் போன் பண்ணுச்சு, சீசன் டயத்துல லீவு கிடைக்கலியாம் என்றாள் ஆவுடையம்மாள். உங்க மாப்பிள்ளை நேத்து வந்து விசாரிச்சாரு என்றாள். அவரவர் வீட்டு ஆட்களின் பெயர்களை அவள் ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. உயிரோடு இருக்கும் நோயாளிகள் சுவரோரமாக நின்றார்கள். காலில் நீர் கோத்தவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள்.

புரட்டாசி இரண்டாம் செவ்வாயில் கார்த்திகையில் இறந்தவர்கள் வந்தார்கள். ஒன்பது பேர். நெல்லையப்பன் இல்லை. அவர் எங்கேயும் நேரத்துக்குப் போகிற ஆள் கிடையாது என்று ஆவுடையம்மாள் நினைத்துக்கொண்டாள். அடுத்த செவ்வாயில், தாலுகா ஆபீசில் வேலை பார்த்த ஒருவர் வந்தார். நெல்லையப்பனுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்து, அவருக்கு இரண்டு நாள் முன்னால் இறந்தவர். “கணக்கு சார் எப்படி இருக்காரு? கல்லு கரைஞ்சுதா?” என்று கேட்டார். அதற்கடுத்த செவ்வாயில் ஐப்பசிக்காரர்கள் வந்துவிட்டார்கள். முறை அவரைத் தாண்டிப் போய்விட்டது.

அன்றைக்கு ஓபி முடிந்ததும் அவள் பழைய ஃபைல்கள் கிடக்கிற அறைக்குப் போனாள். வட்டம் போட்ட ஃபைல்களைத் தனியாக எடுத்து, வந்தவர்களைக் கழித்துக்கொண்டே வந்தாள். போன ஐப்பசி முதல் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். மீதி ஒரே ஒரு ஃபைல். மூலையில் பெயர், பெயருக்குப் பக்கத்தில் அவள் போட்ட முட்டை வட்டம் அப்படியே இருந்தது. அழிக்கப்படவில்லை, மங்கவும் இல்லை. அவள் முதல் தாளைத் திருப்பினாள். அட்மிஷன் அன்றைக்கு அவரே நிரப்பிய தாள், அவருடைய சாய்வில்லாத எழுத்து. நோயாளி பெயர், வயது, தொழில். ‘உடனிருப்பவர்’ என்ற இடத்தில் அவள் பெயரை எழுதியிருந்தார்.

அந்தப் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு வட்டம் இருந்தது.

சின்ன வட்டம். காம்பஸ் வைத்துப் போட்டதுபோல் சுத்தமாக இருந்தது, நடுவில் காம்பஸின் புள்ளி இல்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவர் கரும்பலகையில் வெறுங்கையால் வட்டம் போடுவதைப் பார்ப்பதற்கென்றே சத்தம் போடாமல் இருப்பார்கள்.

அவள் ஃபைலை எடுத்துக்கொண்டு வந்து ஞானசெல்வத்தின் முன்னால் விரித்து வைத்தாள். ஞானசெல்வம் அதை ஒருதரம் பார்த்துவிட்டுப் பிறகு பார்க்கவில்லை.

“ஆடி மாசம் மேடம். ரெண்டாவது தடவை மருந்து ஏறிக்கிட்டிருந்துச்சு. நீங்க மீட்டிங்குக்குப் போயிருந்தீங்க. சார் ஃபைலைக் கேட்டாங்க, பென்சில் கேட்டாங்க.”

“என்ன சொன்னாரு?”

“கதவைச் சாத்தச் சொன்னாங்க.” ஞானசெல்வம் டோக்கன் கட்டைச் சரிசெய்தாள். “கல்லுக்கு யாரும் இந்த மருந்து ஏத்தமாட்டாங்க சிஸ்டர்னு சொன்னாங்க. ‘எனக்குத் தெரியும்கிறத டாக்டர்ட்ட மட்டும் சொல்லிராதீங்க. தெரிஞ்சா தாங்கமாட்டா’ன்னாங்க.”

“ஒரு வருஷமாச்சு. அவரு போனதுக்கப்புறமாவது நீங்க சொல்லியிருக்கலாம் இல்ல?”

“வட்டம் போட்டா நாம சொல்றதில்லையே மேடம்,” என்றாள் ஞானசெல்வம்.

அப்படியானால் ஆடியிலிருந்து கார்த்திகை வரை ஒரு வீட்டில் இரண்டு பேர், ஒருவருக்குத் தெரியும் என்று மற்றவருக்குத் தெரியாமல், கல்லைப் பற்றியே பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். குவாரியும் லைசென்சும் அவளுக்காகச் சொன்னது. ‘சரி’யும் அவளுக்காகச் சொன்னதுதான். சுவர்ப்பக்கம் திரும்பினது மட்டும்தான் அவருக்காக. அவருக்கு யாரிடமாவது ஏதாவது சொல்ல வேண்டியிருந்திருக்கும். அது என்னவென்று அவள் கேட்பதற்கு அவர் இனி வரமாட்டார், அவருக்குத்தான் தெரியுமே.

ஆவுடையம்மாள் வராந்தாவுக்கு வந்தாள். மத்தியான வெயில் சாரலோடு சேர்ந்து தரையில் கிடந்தது. தேதி வாங்கிய பிறகும் பலர் போகாமல் உட்கார்ந்திருந்தார்கள், போய் என்ன செய்ய என்பதுபோல. அவளுக்குக் கால் வலித்தது. முதல் பெஞ்சில், ஜன்னலோரத்தில், முப்பிடாதி அவளைப் பார்த்ததும் மஞ்சள் பையை மடியில் இழுத்துவைத்துக்கொண்டு, நகர்ந்து இடம் விட்டாள். ஆவுடையம்மாள் உட்கார்ந்தாள். ஃபைலை மடியில் வைத்துக்கொண்டாள், மற்றவர்கள் வைத்திருந்ததுபோலவே, இரண்டு கையாலும் பிடித்து.

முப்பிடாதி அந்த ஃபைலைப் பார்த்தாள், பிறகு அவள் நெற்றியில் இருந்த குங்குமத்தைப் பார்த்தாள். வீட்டு ஆளைப் பற்றி விசாரிக்க வாயெடுத்துவிட்டு, வேறு எதையோ கேட்டாள்.

“உங்களுக்கு எப்ப வரச் சொல்லியிருக்காங்க டாக்டரம்மா?”

“அடுத்த செவ்வாய்,” என்றாள் ஆவுடையம்மாள்.